கட்டங்களால் ஆன வீரன்

வளைகுடாவில் நான் வேலை பார்த்த கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. குடவாசல் வீட்டுக்கு வந்த பிறகு கடைத்தெருவுக்குப் போவதே பெரும்பாடாகிவிட்டது. பள்ளிவாசலில், டீக்கடையில், வாய்க்கால் பாலத்தில், பார்க்கிறவர்கள் எல்லாம் எப்போது வந்தேன், எப்போது திரும்பப் போகிறேன் என்றே கேட்டார்கள். முதல் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. வெளியே போவதைக் குறைத்துக்கொண்டேன்.

தஞ்சாவூரில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது என் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். அவள் பிறப்பதற்கு முன்பு வந்த விளையாட்டுகளின் சாயலில் செய்தது. சின்னச் சின்னக் கட்டங்களால் ஆன ஒரு வீரன் ஊர் ஊராக நடந்து போய் அரக்கர்களோடு சண்டை போட வேண்டும்.

“புதுசா விளையாடுறவங்களுக்குன்னே செஞ்சது அத்தா. தோத்தாலும் ஒண்ணும் ஆவாது” என்றாள்.

உண்மைதான். நான் முடிவெடுக்கும்வரை அரக்கன் அப்படியே காத்து நின்றான். தோற்றால் வீரன் சத்திரத்தில் கண் விழித்தான். அதுவரை சேர்த்த பலம் எதுவும் போகவில்லை. காட்டோரம் திரியும் பச்சைக் கூழ் உருண்டையை அடித்தால்கூட ஏதோ கொஞ்சம் கூடியது. விளையாட்டில் வரும் ஊர்க்காரர்களுக்குத் தலைக்கு ஒரே ஒரு வசனம். எப்போது போனாலும் கிணற்றடிப் பெண், ‘நீங்கள் வந்தது நல்லதாயிற்று’ என்றாள். அதைக் கேட்பதற்காகவே வீரனைத் திரும்பத் திரும்ப அவளிடம் கூட்டிப் போனேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கூடத்தில் மனைவி தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பாள். நான் அறையில் கதவை ஒருக்களித்து வைத்து விளையாடுவேன். அவள் வந்தால் போனைச் சாய்த்துக்கொள்வேன். அவள் எதுவும் கேட்டதில்லை.

ஒருநாள் மதியம் மயிலாடுதுறையிலிருந்து அவளுடைய அக்கா வந்தார். லாத்தா என்றுதான் அவரை நாங்கள் இருவருமே கூப்பிடுவோம். நான் எங்கே என்று அவர் விசாரிப்பது காதில் விழுந்தது.

“காலையிலேர்ந்து போன்லயே வேலைக்கு எழுதிப் போட்டுக்கிட்டு இருக்காங்க லாத்தா” என்றாள் மனைவி.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் விரல் பழக்கத்தில் அழுத்திவிட்டது. அரக்கன் விழுந்தான். வீரனுக்குப் பலம் கூடியதற்கான குழலோசை வீடு முழுக்கக் கேட்டது.

“தம்பி, கம்பெனிலேர்ந்து ஏதோ வந்திருக்கு போல, பாருங்க” என்றார் லாத்தா. ஒவ்வொரு தொழுகையிலும் எனக்காக துஆ கேட்பதாகவும் சொன்னார். பார்க்கிறேன் என்று உள்ளிருந்தே சொன்னேன். எழுந்து போய் முகம் காட்ட முடியவில்லை.

அவர் போனதும் நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: “தெரியும். சண்டையில ஜெயிச்சா வர்ற சத்தம்தானே அது?”

“அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?”

“வேற என்னங்க சொல்றது?”

அவள் குரலில் கோபம் இல்லை. டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோபித்திருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

மறுநாள் கடைத்தெருவில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் பைப் கடைக்குப் போய் வேலை கேட்டேன். என்னைவிட வயதில் சிறியவர். நாளையிலிருந்தே வரச் சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி லாத்தாவுக்குப் போன் போட்டாள். துஆ பலித்துவிட்டதென்று அந்தப் பக்கம் லாத்தா அழுதிருக்கிறார். பேசச் சொல்லி மனைவி போனை நீட்டினாள். குளித்துவிட்டு வருகிறேன் என்று கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.