துருக்கறைக்கு யார் பொறுப்பு?

வெள்ளைத் துணியில் பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால், அதைக் கடைசியாகத் தேய்த்துக் கொடுத்தவளைத்தான் முதலில் கேட்பார்கள். எங்கள் தொழிலின் தலையெழுத்து அது. அனுமந்தன்பட்டியில் வீட்டு முன்னறையில் மேசை போட்டு இஸ்திரி போடுகிறேன். இதே பிழைப்பில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். பழி வந்துவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கறை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து, அதை எடுத்தும் கொடுத்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும்.

பந்தல் கம்பி

பாண்டி அண்ணன் திராட்சைத் தோட்டக்காரர். காலையில் என்னிடம் வாங்கிப்போன வெள்ளைச் சட்டையைச் சாயங்காலம் கொண்டுவந்து மேசையில் விரித்தார். முதுகில் குறுக்கே கோடு போட்டாற்போல் துரு. "பெட்டிய வச்சு என்னத்தா பண்ணுன?" என்றார். இஸ்திரிப் பெட்டி கோடு போடுமா? வியர்வை ஈரத்தோடு கழற்றித் திராட்சைக் கொடி படரும் பந்தல் கம்பியில் போட்டிருக்கிறார். கேட்டால் ஒத்துக்கொள்ளவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு திராட்சை இலையை எடுத்து நீட்டிய பிறகுதான் தலையைச் சொறிந்தார்.

மறுநாள் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்பைத் தூவி, வெயிலில் விரித்தேன். காயக் காய மறுபடி பிழிய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எழுந்து போய்ப் பார்த்தேன். பார்ப்பதால் கறை சீக்கிரம் போகாது என்று தெரியும், ஆனாலும் போனேன். எட்டுப் பழம் ஆனது. பாண்டி அண்ணன் தோலையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இம்புட்டுப் பழத்தையும் எனக்குச் சர்பத்துப் போட்டுக் குடுத்திருந்தா, கறையோடவே போட்டுட்டுப் போயிருப்பேன் ஆத்தா."

பாட்டிலில் போட்டிருந்தது

ஸ்டெல்லா டீச்சர் அடுத்த தெரு. அவருடைய வெள்ளைச் சேலையில் ஊக்கு குத்திய இடத்தில் மிளகளவு துரு. அப்படியே கொண்டுவந்திருந்தால் ஒரு பழத்தில் முடிந்திருக்கும். டீச்சரோ பிளீச்சிங் திரவத்தை ஊற்றி ஊறவைத்துவிட்டார். துருவில் அது பட்டால் கறை போகாது, இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். மூன்று நாள் அந்தச் சேலையோடு மல்லுக்கட்டினேன்.

நான் வாய் ஓயாதவள். "படிச்சவுக நீங்களே இப்பிடிப் பண்ணலாமா?" என்று டீச்சரை நிற்கவைத்துக் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "எல்லாக் கறையும் போகும்னு பாட்டில்ல போட்டிருந்துச்சும்மா. அவுகளயும் ரெண்டு வார்த்த திட்டுங்க, நான் ஒருத்தியே எம்புட்டுத்தான் வாங்கிக்கிறது?"

அவசரம்

கலர் துணியில் எலுமிச்சை போடுமுன் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை ஏது? பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஊதாச் சுடிதாரில் நேராகப் பிழிந்தேன். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்: "துரு போயிருச்சுக்கா. தனியாப் போகப் பயந்து சாயத்தையும் கூட்டிட்டுப் போயிருச்சு."

முந்தானையில் மூன்று புள்ளி

ஸ்டெல்லா டீச்சர் மகளுக்குக் கல்யாணம். மறுநாள் காலை மாதா கோயிலில் கட்டவேண்டிய வெள்ளைப் பட்டு என்னிடம் வந்தது. ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய, தண்ணீர் ஊற்றித் தேய்க்கும் ஸ்டீம் பெட்டியில் தேய்த்து மடிக்கும்போது பார்த்தேன்: முந்தானையில் மூன்று துருப்புள்ளிகள். உடனே டீச்சருக்குப் போன் போட்டேன். "உங்க பீரோவுல துரு இருக்கு டீச்சர். சேலைய வைக்க முந்திப் பாத்து வைக்கக் கூடாதா?" "பாக்குறேம்மா" என்று மட்டும் சொன்னார்.

மேகமலைப் பக்கமிருந்து மேகம் கவிந்து வெயில் போய்விட்டது. வாசலுக்கும் அடுப்படிக்கும் எத்தனை நடை நடந்தேனோ! கடைசியில் இட்லிச் சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, புள்ளியில் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் தொட்டு ஆவியில் காட்டினேன். இரண்டு புள்ளி போய்விட்டது. மூன்றாவது மங்கலாக நின்றது. அலசி, ஈரம் காய மேலே வெள்ளைத் துண்டைப் போட்டுப் பெட்டியை வைத்தேன். எடுத்தால், துண்டில் பழுப்பாக நாலு சொட்டு. உப்பான போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஊற்றிப் பெட்டிக்குள் துருப்பிடித்திருக்கிறது. அது துப்பியதற்குத்தான் டீச்சரைப் பேசியிருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

ஐந்து மணிக்குக் கல்யாணப் பெண்ணே சேலையை வாங்க வந்தாள். மறைக்க நினைத்தேன், முடியவில்லை. துண்டைக் காட்டி, "எம்பெட்டிதான் துப்பிருச்சு தாயி, உங்க பீரோ இல்ல" என்றேன். அவள் புள்ளியைத் தடவிப் பார்த்தாள்.

"இத மடிப்புக்குள்ள விட்டுக் கட்டிக்கிறேங்க்கா. ஆனா எங்கம்மா, கல்யாண வீட்டுல அம்புட்டு வேலையும் போட்டுட்டு, மத்தியானத்துல இருந்து பீரோவுக்குள்ள தலைய விட்டுத் தொடச்சுத் தொடச்சு அழுதுக்கிட்டிருக்கு. அதுகிட்ட இப்பவே வந்து நீங்களே சொல்லிருங்க."

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து யார் கறையோடு வந்தாலும் முதலில் என் பெட்டியை ஒரு பழந்துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன், அதனால் வேலை கொஞ்சம் தாமதமாகிறது, தெரு கொஞ்சம் அமைதியாக இருக்கிறது என்கிறார்கள்.