கிளிஞ்சல் போட்டுக் குலுக்கிய டேங்க்

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் தோணிரேவில் பைக் வைத்திருப்பவன் அதை ஓட்டுவதைவிடத் துடைப்பதுதான் அதிகம். ஏரிக்காற்றில் இருக்கும் உப்பு முதலில் குரோமியத்தைத் தின்னும், பிறகு ஸ்போக்ஸை, கடைசியில் வண்டியைத் தாங்கும் சட்டமான சேஸை. என்னுடைய முதல் இரண்டு ஜப்பான் வண்டிகளும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. இரண்டுமே நூறு சிசி, டூ ஸ்ட்ரோக், நான் வாங்கும்போதே கிழடுகள். முதல் வண்டியில்தான் பெண் பார்க்கப் போனேன். உன்னை எங்கே பார்த்தேன், வண்டியைத்தான் பார்த்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். இரண்டாவதில் இறால் கூடையைக் கட்டிக்கொண்டு பழவேற்காடு மார்க்கெட்டுக்குப் பறப்பேன். வலை வேலை முடிந்ததும் கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய பல் பிரஷால் தேய்க்க உட்கார்ந்தால் பசிகூடத் தெரியாது. அவ்வளவு சந்தோஷமாக வேறு எதையும் நான் செய்ததில்லை.

“மீனு நாத்தம் பத்தாதுனு பெட்ரோல் நாத்தம் வேற” என்று மூக்கைப் பொத்திக்கொள்வாள் மனைவி.

மூன்றாவது வண்டி திருப்பாலைவனத்தில் ஒரு நெல் விவசாயி வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. வைக்கோல் தூசியும் கோழி எச்சமுமாக இருந்தாலும் சேஸில் ஒரு ஓட்டை இல்லை. அங்கே உப்புக்காற்று வருவதில்லை. எனக்குக் கை பரபரத்தது. வண்டிக்காரருக்குப் பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடந்தார். அவர் மனைவிதான் பேசினார். நான் அக்கா என்று கூப்பிட்டேன்.

“எடுத்துகினு போ. ஆனா ஓட ஆரம்பிச்சா ஒருவாட்டி இங்க இட்டாந்து சத்தம் காட்டணும்” என்றார்.

“எதுக்குக்கா?”

“அவருக்குக் காது கேக்குதுனு டாக்டரு சொல்றாரு. நாங்க இன்னா பேசினாலும் கண்ணுகூட அசைய மாட்டேங்குது. நல்லா இருந்தப்ப, தெருமுனைல இந்த வண்டி சத்தம் கேட்டுதுன்னாதான் நான் சோத்தப் போட்டு வெப்பேன். அவரு வந்து கை கழுவறதுக்குள்ள தட்டு ரெடியா இருக்கும். அந்தச் சத்தத்துக்காச்சும் திரும்பறாரானு பாக்கணும்.”

சரி என்றேன். பெரிய மெக்கானிக் மாதிரி மூன்று மாதத்தில் முடித்துவிடுவேன் என்றும் சொன்னேன். வாய் எனக்கு எப்போதுமே நீளம்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வயரிங் முழுக்க எலி கடித்திருந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் சென்னைக்கு அலைந்தேன். கடைசியாக மிஞ்சியது டேங்க். உள்ளே ஒரே துரு. படகு என்ஜினுக்கு டீசல் கொண்டுபோகும் கேனை நாங்கள் எப்படிச் சுத்தம் செய்வோமோ அப்படியே செய்தேன். ஏரிக்கரையில் கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லை. இரண்டு பிடி அள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, டேங்கைக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினேன். துரு சிவப்பாகக் கொட்டியது. மூன்று தண்ணீர் அலசி வெயிலில் காயவைத்தேன். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் பளபளவென்று இருந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வண்டி ஓடியது. ஊருக்குள் நான்கு நாள் சுற்றினேன். ஐந்தாம் நாள் காலையில் அக்காவுக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பழவேற்காடு தாண்டி, வயல்கள் ஆரம்பித்த இடத்தில் ஆக்ஸிலேட்டரை நன்றாக முறுக்கினேன். என்ஜின் சத்தம் மெலிந்து கூர்மையாக ஏறியது. நான் முட்டாள், அதை நல்ல சத்தம் என்று நினைத்தேன். பெட்ரோல் போதாமல் காய்கிற என்ஜின்தான் அப்படிப் பாடும். திருப்பாலைவனம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பின்சக்கரம் கிறீச்சென்று பூட்டிக்கொண்டது. பிஸ்டன் ஜாம். ஆறட்டும் என்று காத்திருந்து மிதித்தேன். கிக்கர் இறங்கவில்லை. திரும்பிப் போகவும் முடியாது, போன் போட்டுச் சொல்லவும் வாய் வரவில்லை. நியூட்ரலில் போட்டுத் தள்ளிக்கொண்டே போனேன்.

அக்கா வாசலில் நின்றிருந்தார். புருஷனுக்குத் தலை வாரி, சலவைச் சட்டை போட்டு, கட்டிலை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார்.

“இன்னாபா, தள்ளிகினு வர்ற?”

வண்டியை வாசலுக்கு நேராக நிறுத்தினேன். உள்ளே கட்டிலில் கிடந்தவரின் கண் வண்டிமேல் வந்து நின்றது. அப்புறம் அவருடைய வலது மணிக்கட்டு போர்வைமேல் மெல்லத் திரும்பியது. ஒருமுறை, மறுபடி ஒருமுறை.

“முறுக்கறாரு” என்றார் அக்கா. “பாரு, வண்டிய முறுக்கறாருபா. ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணேன்.”

கிக்கர்மேல் ஏறி நின்றேன். என் முழு எடைக்கும் அது அசையவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு அவமானத்தை நான் பட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை நின்றுவிட்டது.

வண்டியை மீன் லோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கார்புரேட்டரைத் திறந்தேன். அடியில் வெள்ளையாக, சுண்ணாம்புக் குழம்பு மாதிரி கிளிஞ்சல் மாவு படிந்திருந்தது. பெட்ரோல் பாயும் ஜெட்டின் துளை பாதி அடைத்திருந்தது. டீசல் கேனில் மாவு தங்கினால் படகுக்கு ஒன்றும் ஆகாது, நடுவில் பெரிய ஃபில்டர் இருக்கிறது. இந்தச் சின்ன வண்டி தாங்கவில்லை. ஜல்லி போட்டுக் குலுக்கியிருக்கலாம். ஊர்ப்பக்கத்து மெக்கானிக் எவனும் அதைத்தான் செய்திருப்பான்.

கீறல் விழுந்த சிலிண்டரைக் கடைந்து போரிங் போட்டு, அந்த அளவுக்குப் பிஸ்டன் தேடிக் கிடைப்பதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. அக்கா இரண்டு தடவை போன் செய்தார். “ஆச்சாபா?” என்று மட்டும் கேட்பார். ஆகிடும்க்கா என்பேன். மூன்றாவது போன் வரவில்லை. வண்டி தயாரானதும் நானே கூப்பிட்டேன். அவருக்குக் காரியம் முடிந்து பதினோரு நாள் ஆகிவிட்டது என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வண்டி இப்போது அருமையாக ஓடுகிறது. எங்கள் காற்று அதையும் தின்ன ஆரம்பித்துவிட்டது, ஹேண்டில்பாரில் புள்ளி விழுந்திருக்கிறது. நான் துடைப்பதை விட்டுவிட்டேன். திருப்பாலைவனம் வழியாகப் போக நேர்ந்தால் அந்தத் தெருமுனையிலேயே என்ஜினை அணைத்துவிட்டு, வீட்டைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டு போவேன்.

போன வாரம் அக்கா வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் ரிப்பேராபா?”

“இல்லக்கா. ஓடுது.”

“அப்ப ஏன் தள்ளினு போற? ஓட்டிகினே போ. இனிமே கேக்கறதுக்கு யாரு இருக்கா.”

மிதித்தேன். முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. சத்தம் கேட்டதும் அக்கா கையிலிருந்த நெல்லைப் போட்டுவிட்டுச் சட்டென்று அடுப்படிப் பக்கம் திரும்பினார். இரண்டு அடி வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.