திரும்பிப் பார்த்தவன்

பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் எக்காளம் ஊதினால் போதும், அண்ணையின் விசும்பல் என் காதுக்குள் வந்துவிடுகிறது.

அப்பா செத்து ஒரு வருடம் முடியப் போகிற நேரம். லண்டனில் இருக்கும் அண்ணை, மனைவி வழிக் கலியாணமொன்றுக்கு வந்து, உடுப்பிட்டியில் எங்களோடு ஒரு கிழமை நின்றார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மடிக்கணினியைத் தொலைக்காட்சியில் கொழுவி, ஆங்கிலேய அரச குடும்பத்து நாடகமொன்றைப் போடுவார். கோட்டை, பனி, மெழுகுதிரி, குதிரை. கிழட்டு ராசா சாகக் கிடக்கிறார். செய்தி கேட்ட மூத்த இளவரசன் மூன்று நாள் குதிரையில் வருகிறான். நுரை தள்ளும் குதிரை, உறைந்த ஆறு. வந்து, கட்டிலடியில் முழந்தாளிட்டுத் தகப்பனின் கையைப் பிடிக்கிறான். எக்காளம். அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். விசும்பினார்.

"அத்தான், உந்த ராசாவுக்கும் நாங்கள் செத்தவீட்டுத் துடக்குக் காக்கோணுமோ?" தேத்தண்ணியை நீட்டியபடி என் மனைவி கேட்டாள்.

"சும்மா இரும் பிள்ளை. அவங்களின்ரை மரியாதையைப் பாரும்."

மரியாதை! அப்பாவின் உடலையும் அண்ணைக்காக மூன்று நாள் வைத்திருந்தோம். தகப்பனுக்குக் கொள்ளி வைக்கவேண்டியவன் மூத்த மகன். விமானம் நுரை தள்ளாது, ஆறு பார்க்காது. ஒரு பகல் போதும். அண்ணைக்கு லீவு கிடைக்கவில்லை. சுடலையில் நான்தான் வைத்தேன். வலது கையில் கொள்ளி, இடது கையில் கைபேசி, கைபேசிக்குள் அண்ணை. விறகுக்கு முதுகைக் காட்டி நின்று நெருப்பை வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்துவிட வேண்டும். நடந்தேன்.

"தம்பி, நெருப்புத் தெரியேல்லையடா! போனைத் திருப்பிப் பிடி!"

திரும்பினேன். பிள்ளை பார்க்கக் கூடாததைப் பார்த்தேன். இன்றும் கண்ணை மூடினால் அது எரிகிறது, எனக்கு மட்டும்.

ஆண்டு முடிவில் வரும் திவசத்தையாவது அண்ணை தன் கையால் செய்தால் என் கண் ஆறும் என்று கிடந்தேன். அவர் புறப்படும் நாளுக்கு இரண்டு நாள் தள்ளித்தான் அது வந்தது.

"அண்ணை, ரண்டு நாள் நிண்டு, திவசத்தைச் செய்திட்டுப் போங்கோவன்."

"டிக்கெற் மாத்தேலாதடா." கண் திரையில். "பொறு பொறு, முடி சூட்டப் போறாங்கள்."

சூட்டினார்கள். சபை எழுந்து நின்றது. எங்கள் வீட்டில் எழுந்தது நான் மட்டும். குசினிக்குப் போய்ச் செம்பிலிருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தேன்.

மறுநாள் காலை விமான நிலையத்துக்குப் போக வான் வந்தது. பெட்டிகள் ஏறின. அப்பாவின் படத்தை ஒருதரம் கும்பிட்டார், சப்பாத்தைப் போட்டார், ஏறினார். வான் உருளத் தொடங்கியபோது கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"ஐயர் வந்த உடனை வீடியோ கோல் எடு, என்ன? இந்த முறையெண்டாலும் போனை ஆட்டாமல் பிடி."