ஊர் தூங்கும் நேரம்

புது டிஸ்டம்பர் வாசனை... தண்ணீரே படாத குளியலறையின் சிமெண்ட் வாசனை...

ஸ்ரீரங்கத்தில் வசந்தா அக்கா கட்டிய லேடீஸ் ஹாஸ்டல் என்றதும் எனக்கு முதலில் வருவது இதுதான். குழாய்களெல்லாம் பளபளவென்று இருக்கும். திறக்கத்தான் கூடாது.

எம்.எஸ்ஸி. முடித்து தில்லை நகரில் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்த புதிது. முசிறியிலிருந்து தினமும் பஸ். வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடும்.

"பொங்கலுக்குள்ள தங்க இடம் பாத்துக்கம்மா. இல்லன்னா வேலைய விட்டுடு" என்று சொல்லிவிட்டார் அப்பா.

அக்கா ஸ்கூல் டீச்சர், என் சிநேகிதியின் அக்கா. தன் வீட்டு மாடியில் அறைகள் கட்டி, கட்டில்கூடப் போட்டாகிவிட்டது. மாடிக்குப் பாதாள சாக்கடை இணைப்புதான் வரவில்லை. தெருவில் இருப்பது, வீட்டுக்கு ஒரு குடும்பம் இருந்த காலத்துக் கணக்கில் போட்ட குழாய்.

ஒரு காலை, கார்ப்பரேஷன் இன்ஜினியர் வந்து தெருவிலிருந்த மேன்ஹோல் மூடியைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கம்மா, கழுத்து வரைக்கும் நிக்குது. இன்னும் இத்தனை பொண்ணுங்க குளிச்சா, பள்ளத்துல இருக்குற வீட்டுக்குள்ள பொங்கும்."

"வைகுண்ட ஏகாதசிக்கு எங்க வீட்டுல மாடிப்படி வரைக்கும் சொந்தக்காரங்க படுத்திருப்பாங்க. அப்ப மட்டும் தாங்குதா சார்?"

"அது ஒரு நாள்மா. நீங்க கேக்குறது வருஷம் பூரா ஏகாதசி!"

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. இன்ஜினியர் சொல்வதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. வேலை போனது போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா விடவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் இன்ஜினியரை மறுபடி வரவழைத்தார். கோயில் நடை சாத்தியாயிற்று, கடைகளில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. தெருவில் ஆள் இல்லை. மூடியைத் தூக்கினால்... அடியில் மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் சாப்பிட்டுப் படுத்தாச்சு சார். குழாயும் படுத்திருக்கு. மாடியில குளிக்கிற, துவைக்கிற தண்ணிய ஒரு தொட்டியில புடிச்சு வச்சு, இந்த நேரத்துக்குத் தொறந்து விட்டா என்ன?"

"தினம் யாருங்க தொறப்பா? நீங்க ஸ்கூலுக்குப் போயிடுவீங்க."

"எங்க மாமியார். இந்தத் தெருவுல மதியம் தூங்காத ஆள் அவங்க ஒருத்தர்தான்."

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "நீ தூங்க விட்டாத்தானே!"

இன்ஜினியர் அப்போதுதான் சிரித்தார். அதற்குப் பிறகும் ஆபீஸில் இழுத்தடித்தார்கள். கடைசியில் பாதிக் கட்டில்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அதில் ஒன்று எனக்கு. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது வேலை கையில் இருந்தது.

அக்கா இப்போது மகளோடு பெங்களூரில். வீட்டை வாங்கி ஹாஸ்டலை நடத்துவது நான். தில்லை நகர் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் நர்ஸ்களுக்காக இன்னொரு மாடி எழுப்பியிருக்கிறேன். அதே புது டிஸ்டம்பர் வாசனை. அதே திறக்கக் கூடாத குழாய்கள். "லைன் ஃபுல் மேடம்" என்கிறார்கள். எங்கள் தெருவில் கட்டி முடித்த அபார்ட்மெண்ட் ஒன்றும் இருட்டாகவே நிற்கிறது. பெரிய குழாய் வரும் என்கிறார்கள். பள்ளம் தோண்டும்போது நம்புகிறேன். அதுவரை வாராவாரம் மனுவோடு போய் நிற்பதை நிறுத்துவதாக இல்லை.

தொட்டி இன்னும் இருக்கிறது. ஆனால் ஊர்தான் மதியம் தூங்குவதை விட்டுவிட்டது. ஹோட்டல், லாட்ஜ், டூரிஸ்ட் வேன்... போன வாரம் மதியத்தில் மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஓடுகிறது.

முசிறியிலிருந்து ஒரு நர்ஸ் பெண் அடிக்கடி போன் செய்கிறாள். "எப்ப மேடம் வரலாம்? வேலைய விட்டுடுன்னு வீட்ல சொல்லிட்டே இருக்காங்க."

நேற்றும் கேட்டாள்.

"விட்டுடாதம்மா. இந்த ஊர் இப்ப எந்த நேரத்துல தூங்குதுன்னு பாத்துட்டிருக்கேன். தெரிஞ்ச அன்னைக்கு உன் கட்டில் ரெடி" என்றேன்.