கடற்கரை அண்ணாச்சியின் தொட்டி

இருபத்து நான்கு, இருபத்தைந்து, இருபத்தாறு. குமிழ் எண்ணும்போது கடற்கரை அண்ணாச்சியிடம் யாரும் பேசக் கூடாது. தலைமையாசிரியரே வந்தாலும் இடது கை உயரும், நில்லுங்க என்று அர்த்தம். காலை வழிபாட்டு மணி அடித்ததும் தொட்டியிலிருந்து ஒரு கொத்து ஹைட்ரில்லாவை எடுத்து, தண்டை ப்ளேடால் நறுக்கி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தலைகீழாக அமிழ்த்தி வெயிலில் வைப்பார். நறுக்கிய இடத்திலிருந்து குண்டூசித் தலை அளவில் குமிழ்கள் ஏறும். நிமிடத்துக்கு எத்தனை என்று ஆய்வகச் சுவரில் சாக்பீஸால் எழுதுவார். முப்பதைத் தாண்டினால் அன்றைக்கு முகத்தில் ஒரு களை. இருபதுக்குக் கீழே போனால் அவரிடம் பியூரெட் கேட்கக்கூட எவருக்கும் துணிச்சல் வராது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் உள்ள ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் அவர் ஆய்வக உதவியாளர். வயது ஐம்பத்து நான்கு. சட்டைப் பையில் பேனா இருக்காது, இடுக்கி இருக்கும். ஹைட்ரில்லா தண்ணீருக்குள்ளேயே வேர்விட்டு, தண்ணீருக்குள்ளேயே வாழ்கிற செடி. ஊரில் வேலம்பாசி என்பார்கள். செடி வெயிலில் ஆக்சிஜன் விடுகிறது என்று காட்ட, புனலும் சோதனைக் குழாயும் வைத்துச் செய்கிற ஆய்வுக்கு அது இல்லாமல் முடியாது. ஆய்வகத்துக்குப் பின்னால் இடுப்பளவு சிமெண்டுத் தொட்டியில் பத்தொன்பது வருடமாக அதை வளர்க்கிறார்.

ஊரே சாரலுக்கு ஏங்கிக் கிடக்கும். இவருக்கு மட்டும் ஆகாது. ஜூன் பிறந்ததும் மேற்கே மலையைப் பார்த்து முனகுவார். "மூணு நாளா வெயிலே கெடையாது. குளிக்க வாரவனுக்குக் கொண்டாட்டம், எஞ்செடி மூச்சு வுட வேண்டாமா?" ஆற்றுத் தண்ணீரைத் தொட்டிக்குள் சேர்க்க மாட்டார். "அருவியில எண்ணெ தேச்சுக் குளிச்சது அம்புட்டும் ஆத்துலதான் வருது. எலை மேல படிஞ்சிட்டுன்னா அதோட சரி." கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றுவார். குழாய்த் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால் மருந்து வாடை போக ஒரு நாள் வாளியில் திறந்து வைப்பார். இலையில் நூல்பாசி சுற்றினால் இடுக்கியால் ஒவ்வொரு இழையாக உருவி எடுப்பார். தொட்டிக்குள் வேறு யாரும் கையை விடக் கூடாது. நான் ஒரு தடவை விட்டேன். "டீச்சர், கையில க்ரீம் கிரீம் போட்டிருக்கியளா?" என்றார். எடுத்துவிட்டேன்.

நான் ஆலங்குளம் பக்கம் தாவரவியல் ஆசிரியை. சுற்றுவட்டாரப் பள்ளிகள் பலவற்றைப் போல எங்களுக்கும் அவர்தான் செடி தருவார். எவர்சில்வர் தூக்குவாளியில் தண்ணீரோடு போட்டு, குலுங்காமல் கொண்டுபோகச் சொல்லித் தருவார். தொடர்ந்து மூன்று வருடம் என் கையில் அது செத்தது. ஒவ்வொரு தடவை போய் நின்றபோதும், பத்துப் பேர் முன்னால் அதே கேள்விதான். "கொன்னுட்டியளா டீச்சர்?" அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே போன வருடம் மொட்டை மாடியில் மீன் தொட்டி வாங்கி வைத்து ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன்.

இந்தப் பிப்ரவரியில், வெள்ளிக்கிழமை சாயங்காலம், அதே தூக்குவாளியோடு என் வீட்டு வாசலில் நின்றார். காலியாக இருந்தது. திங்கட்கிழமை அவர் பள்ளியில் செய்முறைத் தேர்வு, புறத்தேர்வாளர் நான். அதனால் எனக்குச் சங்கடம். அவருக்கோ அந்தச் சங்கடமெல்லாம் இல்லை, நேரே மாடி ஏறிவிட்டார்.

நடந்தது இதுதான். வெளியூர் ஆசிரியர்கள் வருகிறார்கள், வளாகத்தில் ஓரிடத்திலும் பாசி இருக்கக் கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். துப்புரவு வேலை பார்க்கும் ஆனந்தவள்ளி, தொட்டியைப் பார்த்திருக்கிறாள். உள்ளே இருந்த அத்தனையையும் வாரிச் சுவரோரம் வெயிலில் எறிந்துவிட்டு, ப்ளீச்சிங் பவுடர் போட்டுப் பளிச்சென்று தேய்த்திருக்கிறாள். மதியம் அண்ணாச்சி பார்த்தபோது செடி சருகாகக் கிடந்தது.

"அவள என்ன சொல்ல? பாசின்னா கழுவணும்னுதான நாம சொல்லிக் குடுத்திருக்கோம்" என்றார். கோபம் இருந்தது. ஆனால் குரல் உயரவில்லை. "டெம்ப்ரவரி ஆளு, டீச்சர். மார்கழியில கண்ணாடி ஜாடிய ஒடச்சான்னு ஏற்கெனவே எச்சரிக்க குடுத்தாச்சு. இது ஹெட்மாஸ்டர் காதுக்குப் போச்சுன்னா நாளைக்கே வராதம்பாரு. ரெண்டு பிள்ளையள வச்சிருக்கா. நீங்க வாயத் தொறக்கப்படாது."

என் செடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நன்றி கின்றி எதுவும் இல்லை. "வேருல என்ன இம்புட்டு மண்ணு?" என்றார். பிறகு முக்கால்வாசியை வாளியில் போட்டுக்கொண்டு, மீதியைத் தானே திருப்பி நட்டுவிட்டுப் போனார். அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொட்டியில் மருந்து வாடை அடங்கும்வரை கிணற்றுத் தண்ணீரை நிரப்பி நிரப்பிக் கொட்டினாராம்.

திங்கட்கிழமை பத்து பீக்கர்களில் ஒன்பதில் குமிழ் ஏறியது. கடைசி மேசையில் ஒரு பெண்ணுக்கு மட்டும் வரவில்லை. முகம் வெளுத்து நின்றாள். அண்ணாச்சி அந்த பீக்கரை ஒரு சாண் வெயில் பக்கம் நகர்த்தினார், வந்துவிட்டது. தேர்வாளர் என்ற முறையில் நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

மதியம் தலைமையாசிரியர் பின்பக்கம் வந்தார். தொட்டியில் தெளிந்த தண்ணீர் மட்டும் இருந்தது. சுவரோரம் பழைய செடி சருகாகக் கிடந்தது.

"என்ன கடற்கரை, தொட்டி காலியா கெடக்கு?"

ஆனந்தவள்ளி தூரத்தில் துடைப்பத்தோடு நின்றாள். கூட்டவில்லை.

"நாந்தான் ஸார் கழுவுனேன். ப்ளீச்சிங் பவுடர் போட்டுட்டேன். செத்துட்டு."

"பத்தொன்பது வருஷம் வளத்த ஆளு நீங்களா?"

"புத்தி கெட்டுப் போச்சு, ஸார்."

"எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அண்ணாச்சி அங்கேயே சுவரில் தாளை வைத்து, என் பேனாவை வாங்கி, 'என் கவனக்குறைவால்' என்று தொடங்கி மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொன்னுட்டியளா என்று அவரை ஒருநாள் திருப்பிக் கேட்க வேண்டும் என்று எத்தனை வருடம் காத்திருந்தேன். இப்போது பேனாவைத் திருப்பி வாங்கி மூடிக்கொண்டேன்.

பிள்ளைகள் போன பிறகு, பத்து பீக்கரிலிருந்தும் கொத்துகளைப் பொறுக்கித் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு தொட்டிக்கு வந்தார். ஆனந்தவள்ளி அதே இடத்தில் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அண்ணாச்சி, நான்..."

"கையில சோப்பு கீப்பு இல்லயே?"

இல்லை என்று தலையாட்டினாள். அவள் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டு வாளியை நீட்டினார். அவள் முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு முதல் கொத்தை ஊன்றி முடிக்கும்வரை, துடைப்பத்தைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார்.