கேட்டில் பிடிபட்ட பூசணப் போத்தல்கள்

சபையாரே, ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். கொஞ்சம் கசப்பும் சேர்ந்துதான் வரும்.

மலாயாவில் இந்த அவசரகாலத்தின் ஆரம்ப வருஷங்களிலேயே லூனாஸ் பக்கத்து எங்கள் எஸ்டேட்டைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். பி.எஸ்சி. முடித்த நான் எஸ்டேட் ஆய்வுக்கூடத்தில் போத்தல் கழுவிக்கொண்டிருந்தேன். ரப்பர் வேரை அழுகவைக்கும் பூசணத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்பது என் ஆசை. சீமைப் பேராசிரியர்கள் பலருக்கு எழுதினேன். பெரும்பாலும் பதிலே இல்லை. ஒருவர் மட்டும், பூசணம் உயிரோடு வந்து சேர்ந்தால் ஆராய்ச்சி மாணவனாக எடுத்துக்கொள்வதாக எழுதினார்.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் பூசணப் போத்தல்களைப் பினாங்கிலிருந்து அனுப்பக் கிளம்பினேன். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோற்றைக்கூட எஸ்டேட் கேட்டுக்கு வெளியே விடாத காலம், இன்றைக்கும் அப்படித்தான். நானோ பூசணத்தை வேகவைத்த அரிசியில் வளர்த்திருந்தேன். எங்கள் கூடத்தில் அதுதான் வழக்கம். எனக்கு அது பூசணம். சோறு என்ற நினைப்பே வரவில்லை.

கேட்டில் நின்ற தமிழ்க் கான்ஸ்டபிள் போத்தலைத் தூக்கிப் பார்த்தார்.

"இது சோறுதானே?"

"பூசணம்ண்ணே. சோத்துல வளருது."

"பூசணத்துக்குச் சோறு போடுறியா? யாருகிட்ட கத விடுற? ஏறுலா வண்டியில."

லாக்கப்பில் போட்டார்கள். மானேஜர் அன்றே வேலையிலிருந்து நீக்கினார். இவன் நல்லவன் என்று கோர்ட்டில் ஒரு வார்த்தை சொல்லும்படி என் அக்கா போதகர் ஐயாவிடம் போய் அழுதாள்.

"சபைக்குக் கெட்ட பேரு வந்துரும்மா. நாங்க ஜெபிக்கிறோம்," என்றாராம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் ஒருவரும் வரவில்லை. சிறைக்குப் போவேன், படிப்பும் போய்விடும் என்று தெரிந்தது. "ஆண்டவரே, மனுஷர் கைவிட்டார்கள். எனக்காக நீர் பேசும்," என்று சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டுக் கதறினேன்.

போத்தல்களை ஸ்டேஷன் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் புழுக்கத்தில் பூசணம் செழித்து வளர்ந்துவிட்டது. கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் ஒரு மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு பருக்கைகூடத் தெரியவில்லை, வெள்ளை வெளேரென்று பூசணம்தான். நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, இதை எந்த மனிதன் சாப்பிடுவான் என்று கேட்டார். என்னை விடுதலை செய்து போத்தல்களையும் திருப்பிக் கொடுத்தார். பூட்டி வைத்தவர்கள் கையாலேயே அதை வளர்த்துக் கொடுத்தார் என் ஆண்டவர். போத்தல்கள் சீமைக்குப் போயின. பூசணம் உயிரோடு போய்ச் சேர்ந்தது. இடம் கிடைத்தது.

நான் கப்பல் ஏறியபோது இதே சபை மாலை போட்டது. போதகர் ஐயா நீளமாக ஜெபித்தார். சிரித்துக்கொண்டுதான் வாங்கிக்கொண்டேன். உள்ளே ஆறவில்லை, பட்டத்தோடு திரும்பி வந்தும் ஆறவில்லை. ஆனால் ஜெபத்தை விடவில்லை. கூப்பிட்டால் கேட்கிறவர் அவர் ஒருவர்தான் என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன். நீங்களும் அவரை நம்புங்கள்.

கடைசி பெஞ்சில் நம் சபை மரியம்மா அக்கா உட்கார்ந்திருக்கிறார். அவர் கணவரை நேற்று கேட்டில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கூட்டம் முடிந்ததும் நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன். கூட வருகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்.