திறக்காத உருளை

என் அக்கா புருஷனுக்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் ‘நாற்காலி’ என்று பட்டப்பெயர். தலைவியம்மா ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததிலிருந்து அவருடைய அறைக்குள் எட்டி எட்டிப் பார்ப்பதே மனிதருக்கு வேலை. அந்த அறை ஜன்னலுக்கென்று நீலத் திரைச்சீலைகூட அக்காவைத் தைக்கச் சொல்லிவிட்டார். அல்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். இவர் வாழ்வு வருமுன்பே குடையை விரித்துவிட்டார்.

எல்லாம் ஒரு மஞ்சள் தூளை நம்பித்தான். சீரியம் ஆக்சைடு. சூடான அந்தத் தூளின் மேல் ஹைட்ரஜனை விட்டால், அது தூளிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீராகிப் போகும். காலியான இடத்துக்குக் கரியமில வாயு வந்து, தன் ஆக்சிஜன் ஒன்றை அங்கே இறக்கிவிட்டுக் கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். அதிலிருந்து எரிபொருள் செய்யலாம். இது ஊருக்கே தெரிந்த சங்கதி. தன் தூள்தான் இதை எல்லாரையும்விடக் குறைந்த சூட்டில் செய்கிறது என்பது அத்தானின் பீற்றல்.

அந்தத் தூளைச் சிட்ரிக் அமிலத்தோடு காய்ச்சித்தான் செய்வார். சரியாகச் சுட்டெடுக்காவிட்டால் அமிலத்தின் கரி உள்ளேயே தங்கிவிடும். சூடேறியதும் அதுவே கார்பன் மோனாக்சைடாகக் கிளம்பி வந்து ஆளை ஏமாற்றும். அதனால் முதலில் கரியமில வாயு இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது எங்கள் தொழிலில் பல் துலக்குவது மாதிரி. இவர் துலக்கமாட்டார்.

“ஒரு தடவ வெறும் ஹைட்ரஜன் மட்டும் விட்டுப் பாத்துடலாமே, அத்தான்.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா? உன் வேலையப் பாரு.”

செயல்விளக்க நாள் வந்தது. தூள் வேலை செய்தால் அந்த அறை அவருக்கு. புகைப்படக்காரருக்கு முகம் காட்டுகிற அவசரத்தில், கரியமில வாயு உருளையைத் திறக்கவே மறந்துபோனார் மகானுபாவர். ஆனாலும் கணினித் திரையில் கார்பன் மோனாக்சைடின் கோடு ஜோராக எழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். தலைவியம்மா மட்டும் உருளையருகே போய்க் குனிந்தார்.

“முள்ளு பூஜ்யத்துலயே நிக்குதே. இதத் தொறக்கவே இல்லையா நீங்க?”

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்?

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். “என்னாச்சு?”

“என் தூளு கரியமில வாயுவே இல்லாம வேலை செய்யுதுடி! இவனுங்களுக்குத்தான் புரியல.”

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் உதட்டைப் பிதுக்கினேன். அவள் அந்த நீலத் திரைச்சீலையை எடுத்துப்போய்க் குளியலறை ஜன்னலில் மாட்டினாள்.

“அளவு சரியாத்தான் இருக்கு,” என்றாள்.